கடைசி ஆளுக்கு ஒரு மாலை

ஐஸ் பெட்டியைத் திறந்தால் மல்லிகை வாசம் அடிக்கிறது. இரண்டாவது தட்டில் ஒரு பெரிய மாலையைச் சுருட்டி வைத்திருக்கிறேன். "மீனையும் பூவையும் ஒண்ணா வைக்கிறியே" என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்காரர் மீன் பொட்டலத்தைக் கீழ்த்தட்டுக்கு மாற்றினார். அது என்ன மாலை என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. அது ஏன் என் வீட்டில் இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நேற்று நம் கோல்ஃப் போட்டி நடந்தது. நீ இல்லாமல் நடந்த முதல் போட்டி.

இந்த யோசனை முதன்முதலில் வந்தபோது நீ சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது. கோலசிலாங்கூரைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து சிறுநீரக நோயாளிகளை டயாலிசிஸ் நிலையத்துக்கு ஏற்றிப் போகும் நம் சங்கத்து வேன், அந்த வருடம் அடிக்கடி ரோட்டோரம் படுத்துக்கொண்டது. வேன் ஓடவில்லை என்றால் உள் தோட்டத்து ஆட்களுக்குச் சிகிச்சைக்குப் போக வேறு வழியே இல்லை. விருந்து வைத்துப் பார்த்தோம், பழைய துணி விற்றுப் பார்த்தோம், எதுவும் பற்றவில்லை. கோல்ஃப் போட்டி வைத்தால் நன்கொடை வரும் என்று செயலவைக் கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். நம்மில் ஒருவருக்கும் கோல்ஃப் தெரியாது. பொறுப்பை யார் ஏற்பது என்று கேட்டதும் எல்லோரும் குனிந்து தேநீர்க் கோப்பையைப் பார்த்தார்கள். நீ கையைத் தூக்கினாய். கூடவே என் கையையும் பிடித்துத் தூக்கினாய்.

"எனக்கு கோல்ஃப் பத்தி ஒண்ணும் தெரியாதுடி" என்றேன்.

"எனக்கு மட்டும் தெரியுமா? திருவிழா நடத்தத் தெரியும்ல. அது போதும் லா."

கோல்ஃப் திடல் மேலாளர் ஹாஷிமைப் பார்க்கப் போனோம். கார் நிறுத்த இடம் இருக்கிறதா, மழை வந்தால் என்ன செய்வது, கழிப்பறை எத்தனை என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நான் அப்படித்தான், எது கெட்டுப்போகும் என்றுதான் என் புத்தி முதலில் போகும். நீ கேட்டது ஒரே கேள்வி. "நல்லா ஆடுறவங்களுக்குப் பரிசு இருக்கு. சுமாரா ஆடுறவங்களுக்கு என்ன ஜாலி?" ஹாஷிம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். இதை இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார். நாலு பேர் ஒரு குழுவாக ஆடலாம், நாலு பேரும் அடித்துவிட்டு, யாருடைய பந்து நல்ல இடத்தில் விழுந்ததோ அங்கிருந்தே எல்லோரும் அடுத்ததை அடிக்கலாம் என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். குழுவுக்கு ஒரு குழி என்று பிரித்துவிட்டால் எல்லோரும் ஒரே நேரத்தில் ஆட்டத்தைத் தொடங்கலாம் என்றும் சொன்னார்.

"அப்ப மட்டமா அடிச்சவனும் தலையைக் குனிய வேண்டியதில்ல. அதான் நமக்கு வேணும்" என்று எழுந்துவிட்டாய்.

திரும்பி வரும்போது காரிலேயே மீதியை முடிவு செய்தாய். "பதினெட்டு குழி இருக்கு. கோயில்ல ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பம் உபயம் எடுக்கிற மாதிரி, குழிக்கு ஒரு உபயம்." கம்பெனிகள் பணம் கொடுத்துக் குழியருகே பெயர்ப்பலகை வைப்பதுதான் வழக்கம். நீ பலகையைக் கம்பெனிக்குக் கொடுத்தாய், பக்கத்தில் ஒரு பந்தல் போட்டு அதை வேனில் வரும் நோயாளிகளின் குடும்பங்களுக்குக் கொடுத்தாய். ஒரு பந்தலில் கச்சாங் பூத்தே கடலை, ஒன்றில் இளநீர், ஒன்றில் செகிஞ்சான் ஊர் மாம்பழம், தூரத்துக் குழியில் பார்வதி அக்காவின் மோர். நோயாளிகளின் வீட்டு ஆட்களை வேலை வாங்குவதா என்று செயலவையில் சிலர் முகம் சுளித்தார்கள். "எப்பப் பார்த்தாலும் வாங்குற கையாவே ஏன் இருக்கணும்? ஒரு நாளாச்சும் அவங்க குடுக்கட்டுமே" என்றாய். எனக்கு உன்மேல் பொறாமையாக இருந்தது. அப்படி ஒன்று எனக்குத் தோன்றியிருக்கவே தோன்றியிருக்காது.

ஆனால் உன் திருவிழாவால் வந்த வினையையும் சொல்லத்தான் வேண்டும். கோல்ஃபில் ஒருவர் மட்டையை ஓங்கும்போது சுற்றியிருப்பவர்கள் மூச்சுவிடக்கூடாது என்பதை நாம் யாருக்கும் சொல்லி வைக்கவில்லை. அந்த முதல் போட்டியில் ஹார்ட்வேர் கடை லிம் மோர்ப் பந்தலுக்குப் பக்கத்தில் நின்று மட்டையைத் தூக்கினார். பார்வதி அக்காவும் அவர் கூட்டமும், சாமி கிளம்பிவிட்டது போல, குலவை போட்டார்கள். பந்து நேராகக் குளத்துக்குப் போனது. லிம்மின் முகம் மிளகாயாகச் சிவந்தது. நீ ஒரு தட்டில் வடையை எடுத்துக்கொண்டு ஓடினாய். "தவுக்கே, இது நாங்க சாமிக்குக் குடுக்கிற மரியாதை. இன்னைக்கு உங்களுக்குக் குடுத்துட்டாங்க லா" என்று பாதி மலாயிலும் பாதி சிரிப்பிலும் சொன்னாய். அவர் வடையை வாங்கிக்கொண்டார், சிரிக்கவில்லை.

அன்று அவர் குழுவுக்கு எதுவுமே சரியாக அமையவில்லை. மற்ற எல்லோரும் வந்து, குளித்து, உடை மாற்றி, சாப்பாட்டு மேசையைச் சுற்றி நின்றார்கள். திறக்கலாமா என்று ஹாஷிம் கேட்டார். நீ பிரியாணிப் பாத்திரத்தின் மூடிமேல் கையை வைத்துக்கொண்டு நின்றாய்.

"கடைசி ஆள் வரட்டும்."

"சோறு ஆறிப்போகும்டி" என்று உன் காதில் சொன்னேன்.

"ஆறட்டும்."

லிம் திடலில் ஓடும் பகி வண்டியிலிருந்து இறங்கியபோது, எல்லோரும் கேலி செய்யப்போகிறார்கள் என்ற முகத்தோடுதான் இறங்கினார். வாசலில் உறுமி மேளம் முழங்கியது. வெற்றி பெற்றவருக்கு என்று நான் நினைத்துக்கொண்டிருந்த மாலையை நீ அவர் கழுத்தில் போட்டாய். பசியோடு நின்ற அத்தனை பேரும் கை தட்டினார்கள். முதலில் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு மாலையைக் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தபோது சிரித்துக்கொண்டிருந்தார். அடுத்த வருடம் இன்னும் இரண்டு குழுக்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த மாலைக்காகவே சில பேர் வேண்டுமென்றே அன்ன நடை போட்டு ஆட, நீ வண்டியில் போய் அவர்களை அதட்டிவிட்டு வந்ததும் அந்த வருடம்தான்.

ஏன் கடைசி ஆள் என்று நான் கேட்டதற்கு நீ ஒரு நாள்தான் பதில் சொன்னாய். வேனில் நோயாளிகளுக்குத் துணையாகப் போவது உன் வேலையாக இருந்தது. ஒவ்வொருவராக இறக்கிவிட்டு, பார்வதி அக்காவின் வீட்டுக்காரரைக் கடைசியாக, ரோடு முடியும் இடத்தில் இறக்குவீர்கள். "கடைசியா இறங்குறவருக்குத்தான்டி பசி அதிகம். அவர் இறங்கும்போது வேன்ல பேச்சுக்குக்கூட ஒரு ஆள் இருக்காது" என்றாய். அதனால்தான் உன் வீடு வழியிலேயே இருந்தும் நீ அங்கே இறங்காமல் அவரோடு கடைசிவரை போய்விட்டு வருவாய் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பங்குனியில் நீ போய்விட்டாய். காலையில் நெஞ்சு வலி என்றாய், மத்தியானம் நீ இல்லை. இதை எழுதும்போதும் கோபம்தான் வருகிறது, உன்மேல்தான்.

போட்டியை நிகழ்ச்சி ஏற்பாட்டு நிறுவனம் ஒன்றிடம் கொடுத்துவிடலாம் என்றார் செயலவைத் தலைவர். நீ இருந்ததால்தான் ஆட்கள் வந்தார்கள், இனி ஒருமுறை சலித்துப் போனால் திரும்பி வரமாட்டார்கள், அப்புறம் வேனுக்கு எங்கே போவது என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. ஆனாலும் இந்த முறை நானே கையைத் தூக்கினேன். தூக்கிய பிறகு தூக்கம் போயிற்று. நீ செய்தவற்றை எல்லாம் என்னால் செய்ய முடியும். உன்னைப்போல் சிரிக்க முடியாது.

நேற்றுக் காலை நன்றாகத்தான் போனது. பூக்கடைக்காரர், "கடைசி ஆள் மாலைதானே அக்கா?" என்று கேட்டே கட்டிக் கொடுத்திருந்தார். ஆட்டம் முடியும் நேரத்தில் வானம் கறுத்தது. இடி எச்சரிக்கைச் சங்கு ஊதினால் ஆடுகிறவர்கள் எல்லோரும் உள்ளே வந்துவிட வேண்டும். ஊதியது. எல்லோரும் ஒரே கூட்டமாக நனைந்துகொண்டே வந்து சேர்ந்தார்கள். யார் கடைசி என்று சொல்லவே முடியாது. மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நான் முழித்தேன். இனி எதற்குக் காக்க வைப்பது? "சாப்பாட்டைத் திறந்துடுங்க" என்று ஹாஷிமிடம் சொல்லி, மாலையை மேசைமேல் வைத்துவிட்டேன். உன் போட்டி என் கையில் முடிந்துபோயிற்று என்றுதான் நினைத்தேன்.

பந்தல் ஆட்களைத் திடல் ஊழியர்கள் கூட்டி வந்திருந்தார்கள். பார்வதி அக்காவை மட்டும் காணவில்லை. இடி ஓய்ந்ததும் நானே பகி வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். தூரத்துக் குழியின் மழைக்கூடத்தில், மோர்ப் பானையைக் கட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"கூப்பிட வந்தாங்கம்மா. பானையை விட்டுட்டு வரச் சொன்னாங்க. உபயத்தை எப்படிம்மா விட்டுட்டு வர்றது?" என்றார்.

திரும்பும்போது சேற்றில் வண்டி ஊர்ந்தது. மழைக்குப் பயந்து பாதிப் பேர் கிளம்பியிருப்பார்கள், மீதிப் பேர் சாப்பிட்டு முடித்திருப்பார்கள், அடுத்த வருடம் யார் வருவார் என்று வழியெல்லாம் எண்ணிக்கொண்டே வந்தேன். பார்வதி அக்கா இறங்கி முன்னால் போனார். சொட்டச் சொட்ட நனைந்து, பானையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன்.

ஒருவரும் கிளம்பவில்லை, ஒருவரும் சாப்பிடவும் இல்லை. ஈர உடையோடு மேசையைச் சுற்றி நின்றார்கள். பிரியாணிப் பாத்திரத்தின் மூடிமேல் கையை வைத்துக்கொண்டு லிம் நின்றார். "நான் திறக்கத்தான் போனேன், இவர் விடலையே" என்று ஹாஷிம் கையை விரித்தார். லிம்முக்குத் தெரிந்த தமிழ் நீ சொல்லிக் கொடுத்த அந்த இரண்டு சொல்தான். அதை எனக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார்.

"கடைசி ஆள்!"

உறுமி முழங்கியது. பானையை யாரோ என் கையிலிருந்து வாங்கினார்கள், லிம் என் கழுத்தில் மாலையைப் போட்டார், பார்வதி அக்கா குலவை போட்டார். நான் அத்தனை பேர் முன்னாலும் அழுதேன். நீ இருந்திருந்தால் கேலி செய்தே கொன்றிருப்பாய்.

நாளைக்கு வேன் வரும். இந்த மாலையை அதன் முகப்பில் கட்டச் சொல்லப் போகிறேன். நீ போனதிலிருந்து கதவோரத்து உன் இருக்கையில் நான்தான் உட்கார்ந்து போகிறேன். என் வீடும் வழியில்தான் வருகிறது. இறங்குவதில்லை, ரோடு முடியும்வரை போகிறேன்.

நீ கட்டாயம் கேட்பாய் என்பதால் சொல்லிவிடுகிறேன். சோறு ஆறித்தான் போயிருந்ததுடி. இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.