அஞ்சாநெஞ்சர்களைத் தாண்டி மஹாலுக்குள்

நவம்பர் 3, 2025, திங்கள்

மழை. கரண்ட் இல்லை. லேப்டாப்பில் சார்ஜும் இல்லை, எனக்கும் இல்லை.

ராமநாதபுரத்தில் வீட்டு மாடியில் உட்கார்ந்து இணையதளம் செய்து பிழைக்கிறேன் என்று சொன்னால், "அப்ப வேலைக்குப் போகலையா சேது?" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். இன்று நான் முன்பு வேலை பார்த்த சென்னைக் கம்பெனியிலிருந்தும் போன். பழைய இடம் காலியாம், மாதக் கடைசிக்குள் சொல்லணுமாம். எனக்குப் போகப் பிடிக்கவில்லை. மீட்டிங், அந்த மீட்டிங்குக்கு முன்னால் ஒரு மீட்டிங். நினைத்தாலே தலை வலிக்கிறது.

கையில் இருப்பது ஒரே வேலை. உச்சிப்புளி ரோட்டில் தர்மராஜ் அண்ணன் கட்டியிருக்கும் ராமலெட்சுமி மஹாலுக்கு இணையதளம். கண் தெரியாதவர்களும் யார் துணையும் இல்லாமல் பயன்படுத்துகிற மாதிரி செய்து தருகிறேன் என்றேன்.

"கண்ணு தெரியாதவுக மஹாலை என்னத்தப் பாக்கப் போறாக?"

"பாக்கல அண்ணே, கல்யாணம் பண்ணப் போறாக."

யோசித்துவிட்டு, சரி என்றார்.

நவம்பர் 5, புதன்

மண்டபம் இலங்கை அகதிகள் கேம்ப்பிலிருந்து கஜன் வந்திருந்தான். பிறவியிலேயே பார்வை கிடையாது. திரையில் இருப்பதைப் போனே அவனுக்கு வாசித்துச் சொல்லும். அவன் வைத்திருக்கும் வேகத்தில் எனக்கு ஒரு எழுத்துகூடப் புரியாது. நான் செய்கிற தளங்களைச் சோதித்துக் குறை சொல்வது அவன் வேலை. ரொம்பச் சந்தோஷமாகச் செய்வான்.

தை மாசம் அவனுக்கும் தக்சிகாவுக்கும் கல்யாணம். மாப்பிள்ளை முகத்தில் களையே இல்லை.

"எல்லாத்தையும் அண்ணாதான் பாக்கிறார் அக்கா. தாலி கட்டுறதை மட்டும்தான் எனக்கெண்டு விட்டு வச்சிருக்கினம். மஹாலையாவது நானே புக் பண்ணோணும்."

இப்போது முடிவு செய்துவிட்டேன். கஜன் தன் கையால் அந்த மஹாலைப் பிடித்துவிட்டால் நான் இந்த ஊரிலேயே இருப்பேன். பிடிக்க முடியாவிட்டால் எனக்கு இந்தத் தொழில் தெரியவில்லை என்று அர்த்தம். சென்னைக்குப் போய் மீட்டிங்கில் உட்கார வேண்டியதுதான்.

நவம்பர் 10, திங்கள்

தர்மராஜ் அண்ணனுக்குப் பாடம் எடுத்தேன். "ஒவ்வொரு படத்துக்கும் பின்னாடி ரெண்டு வார்த்தை விளக்கம் எழுதணும்ணே. படத்தைப் பாக்க முடியாதவுகளுக்குப் போன் அதை வாசிச்சுச் சொல்லும்."

"போன் வாசிக்குமா? சத்தமாவா?"

"சத்தமாத்தான்."

மனிதருக்கு முகமெல்லாம் பல். "அத என்கிட்ட விடு தாயி. நானே எழுதிடுறேன்." பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 13, வியாழன்

தளம் வெளியாகிவிட்டது. விளக்கமெல்லாம் அண்ணனே உட்கார்ந்து எழுதி முடித்துவிட்டாராம். தங்கமான மனுஷன்.

நவம்பர் 14, வெள்ளி

தங்கமாவது தகரமாவது!

காலையில் கஜன் போன். "அக்கா, நான் பல்லு விளக்கிப்போட்டு வந்திட்டன். இன்னும் தாய்மாமன் முடியேல்ல."

ஓடிப்போய்த் தளத்தைத் திறந்தேன். முகப்பில் நான் வைத்திருந்த பந்தி மண்டபம், மணமேடை எல்லாம் கீழே போய்விட்டன. மேலே வரிசையாகச் சொந்தக்காரர்கள், பஸ் ஸ்டாண்ட் ஃப்ளெக்ஸ் போர்டில் நிற்கிற மாதிரி கைகூப்பிக்கொண்டு. விளக்கத்தைக் கேட்டேன். "அஞ்சாநெஞ்சர், அள்ளிக் கொடுக்கும் வள்ளல், உச்சிப்புளியின் விடிவெள்ளி, கேட்டதும் ஓடிவரும் பாசத்தென்றல், எங்கள் தாய்மாமன் தவசி அவர்கள்..." போய்க்கொண்டே இருக்கிறது. அடுத்து இன்னொரு அஞ்சாநெஞ்சர். அதற்கடுத்து, "வருங்கால மாவட்ட ஆட்சியர்" - இன்னும் பல்லே முளைக்காத கைக்குழந்தை!

இதையெல்லாம் தாண்டிக் கீழே போனால் முன்பதிவுப் பொத்தானைக் காணோம். அதன் இடத்தில் 'வருக வருக' என்று அழகாக ஒரு படம் போட்டிருக்கிறார். அதை அமுக்கினால்தான் பதிவு. அந்த ஒரு படத்துக்கு மட்டும் விளக்கமே இல்லை. போனுக்கு வாசிக்க ஒன்றுமில்லை. கஜனுக்கு அப்படி ஒன்று அங்கே இருப்பதே தெரியவில்லை.

அண்ணனுக்குப் போன் போட்டு ஏன் என்று கேட்டேன்.

"அதுல நம்மாளுக யாரும் இல்லையே தாயி."

நவம்பர் 16, ஞாயிறு

நேரில் போய்ச் சொல்லிவிடலாம் என்று மஹாலுக்குப் போனேன். கூடத்தின் நடுவில் ஒரு போன், சுற்றிச் சொந்தபந்தம் அத்தனையும். போனுக்குள் இருக்கும் பெண் குரல் பட்டங்களை வாசிக்கிறது, இவர்கள் காபி குடித்துக்கொண்டே கேட்கிறார்கள். "இன்னொரு தடவ வைங்க மாப்ள," என்கிறார் தவசி மாமா, கண்ணை மூடிக்கொண்டு. தர்மராஜ் அண்ணனின் தங்கை ஒரு மூலையில் உம்மென்று இருந்தாள். "எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் வெறும் 'மாப்பிள்ளை'ன்னு வாசிக்குது. நாங்க என்ன வழிப்போக்கர்களா?"

பட்டங்களை எடுக்க வேண்டும் என்று சொன்னேன். சொன்ன நேரம் சரியில்லை.

"கல்யாணப் பத்திரிகையில மாமன் பேரு கொஞ்சம் கீழ போச்சுன்னாலே பேச்சுவார்த்தை நின்னுபோகும். நீ அவரு பட்டத்தவே எடுக்கச் சொல்ற. போயிட்டு வா தாயி," என்றார் அண்ணன்.

பஸ்ஸில் அழுகையாக வந்தது. போயும் போயும் இந்தத் தவசி மாமாவுக்காகவா நான் சென்னைக்குப் போகணும்? அவரு எனக்கு மாமாகூடக் கிடையாதே!

நவம்பர் 17, திங்கள்

பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினேன். உள்ளே பல்லி. மறுபடி ஏற்றிவிட்டேன்.

நவம்பர் 19, புதன்

கஜன் என்னைக் கேட்காமலே தர்மராஜ் அண்ணனுக்குப் போன் போட்டிருக்கிறான்.

"என்னடா சொன்ன?"

"உள்ளதைத்தான் சொன்னன். அண்ணை, உங்கட சொந்தக்காரர் எல்லாரையும் கும்பிட்டு முடிச்சிட்டன், உள்ள வர வாசலைத்தான் காணேல்ல. ஞாயிற்றுக்கிழமை எங்கட அண்ணா பெருங்குளம் பக்கம் வேற மஹால் பாக்கப் போறார் எண்டன்."

அவன் போனை வைப்பதற்குள் தர்மராஜ் அண்ணன் என் லைனில்.

"ஏத்தா, தை மாச முகூர்த்தத்தப் பெருங்குளத்துக்காரன் கொத்திட்டுப் போறதா? நான் என்ன, மாமன் பட்டத்தக் கேக்கவா மஹால் கட்டுனேன்? உடனே மாத்து!" அப்புறம் குரலை இறக்கி, "ஆனா மாமன் மனசு நோகக் கூடாது."

நவம்பர் 21, வெள்ளி

மாற்றிவிட்டேன். முகப்பில் மணமேடை, பந்தி, பார்க்கிங். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம். பொத்தானில் 'மஹாலை முன்பதிவு செய்ய' என்று எழுத்தாகவே எழுதிவிட்டேன். அஞ்சாநெஞ்சர்கள் எல்லாரையும் 'எங்கள் சொந்தங்கள்' என்று தனிப் பக்கத்துக்குக் குடியேற்றியாச்சு, பட்டம் ஒன்றுகூடக் குறையாமல். தங்கை வீட்டுக்காரருக்கு 'பண்பின் சிகரம்' நானே போட்டேன்.

தவசி மாமாவிடம் பயந்துகொண்டேதான் சொன்னேன். "தனிப் பக்கமா?" என்றார். "மணமேடைக்கெல்லாம் தனிப் பக்கம் இல்லேல்ல?"

"இல்ல மாமா."

"அப்பச் சரி."

நவம்பர் 23, ஞாயிறு

விடிந்ததும் விடியாததுமாகத் தர்மராஜ் அண்ணன் போனில் கத்துகிறார். "விழுந்துருச்சு தாயி, புக்கிங் விழுந்துருச்சு! தை முகூர்த்தம்! பேரு கஜன்னு வந்திருக்கு. அந்தக் கேம்ப்புத் தம்பிதான? யாரு போட்டுக் குடுத்தா?"

"யாரும் போட்டுக் குடுக்கலண்ணே. அவனே போட்டான்."

"அவனேவா?" என்றார் மெதுவாக.

அடுத்து கஜன். "அக்கா, அண்ணாவுக்கு இன்னும் சொல்லேல்ல. பெருங்குளம் போக வெளிக்கிட்டு நிக்கிறார், ஐயரையும் கூட்டிக்கொண்டு."

"சொல்லித் தொலையேண்டா!"

"பஸ் ஏறட்டும் அக்கா."

சிரித்தேன், அழுதேன், மறுபடி சிரித்தேன். அம்மா மாடிப்படியில் நின்று, என்ன ஆச்சு இவளுக்கு என்று பார்த்தாள்.

நவம்பர் 24, திங்கள்

தர்மராஜ் அண்ணன் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். தொண்டியில் மஹால் கட்டியிருக்கும் இர்பான் பாய் நேரில் வரச் சொல்லியிருக்கிறார்.

கிளம்பும்போது சென்னையிலிருந்து போன். வரவில்லை என்றேன். வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டீர்களா, எந்தக் கம்பெனி என்று தோண்டித் தோண்டிக் கேட்டாள் அந்தப் பெண்.

"தொண்டிக்குப் போறேன்மா, பஸ் வந்துருச்சு," என்று வைத்துவிட்டேன்.