கரிச்சானின் பூத்தூவல்

செவ்வாய் நாள் 211, 09:40

கரிச்சான் விமானத்தின் ஆறாவது சோதனை முடிந்தது. ஆளில்லாத விமானம், நான்கு சுழலிகள், வயிற்றில் ஒரு துளைக்கரம். ஈரம் தெரியும் இடத்தில் தானே இறங்கும், துளைக்கும், எடுத்ததை ஆராய்ந்து முடிவைப் பூமிக்கு அனுப்பும். ஆறு முறையும் ஒன்றும் கிடைக்கவில்லை. நிலையத்தில் இருவர்: விமானப் பொறியாளன் எட்வின் என்ற நான், தூத்துக்குடிக்காரியான மண்ணியலாளர் சகாயமேரி.

நாள் 212, 08:15

பூமியிலிருந்து இயக்குநர் வைத்தியலிங்கம்: "நாளைக்கு அமைச்சர் பொறந்தநாள், தம்பி. கொடிக்குப் பக்கத்துல மேரி மேடம் நிக்கட்டும், கரிச்சான் மேலேர்ந்து பூத்தூவட்டும். நேரலை. காகிதப்பூ போதும்."

மனிதரை நெருங்கக் கூடாது என்ற விதி விமானத்தில் இருப்பதை நினைவூட்டினேன்.

முக்கால் மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: "அதெல்லாம் எடுத்தாச்சு. அமைச்சர் விழாவுக்கு நடுவுல விதி வரலாமா?"

நிறுத்தும் உரிமையும் எங்களிடம் இல்லை. அதை விழா மேடையில் ஒரு பொத்தானாக வைத்திருக்கிறார்கள். அங்கே அழுத்தினால் இங்கே வந்துசேரப் பதினெட்டு நிமிடம் ஆகும்.

நாள் 213, 10:02

பூத்தூவல் இனிதே நிறைவேறியது. இங்கே காற்று மிக மெல்லியது என்பதால் பூக்கள் கூழாங்கற்களைப் போல விழுந்தன.

10:04

வானொலியில் மேரி: "அண்ணே, இது போவ மாட்டேக்கு. பொண்ணு பாக்க வந்தவன் கணக்கா என் முன்னாடியே நிக்கு."

சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு திரையைப் பார்த்தேன். கரிச்சான் ஈரத்தைக் கண்டுபிடித்திருந்தது. இந்தக் கிரகத்திலேயே ஈரமான பொருள் மனித உடல்தான்.

10:05

"ஓடு மேரி!"

"அண்ணே, நிறுத்துங்கண்ணே! நிறு—"

துளைக்கரம் கழுத்தோரம் இறங்கி விலாவழியே வெளியே வந்தது. பாறைக்கென்று செய்தது, எலும்பு ஒரு பொருட்டில்லை. இரத்தம் தரையைத் தொடுமுன் கொதித்துவிட்டது.

10:31

கடப்பாரையோடு வெளியே போய் ஒரு சுழலியை உடைத்தேன். இன்னொரு சுழலி என் இடக்கையில் மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது. மணிக்கட்டை இறுகக் கட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். மேரியைக் கொண்டுவர முடியவில்லை. பூமிக்கு அனுப்பியது: "மேரி இறந்துவிட்டாள். பொத்தானை அழுத்துங்கள்." எழுத்துப்பிழைகளைப் பொறுத்தருள்க.

11:20

மூன்று சுழலிகளோடு சாய்ந்து பறந்து வந்து கதவில் ஒட்டிக்கொண்டது. துளைக்கிறது. நல்ல கதவு. நல்ல துளைக்கரமும்தான். அதை நானே கூர்தீட்டினேன்.

11:52

வைத்தியலிங்கம்: "தம்பி, இங்க மேடையே அதிருது! கரிச்சான் அனுப்புன முடிவுல புரதம், இரும்பு, உப்பு எல்லாம் இருக்கு. செவ்வாயில உயிர் இருக்குன்னு அமைச்சரே அறிவிச்சுட்டார். மேரி மேடம் சேதி கேட்டு மனசே சரியில்ல. ஆனா இப்பப் போய்ப் பொத்தானை அழுத்துனா எப்படி? ஒண்ணை மட்டும் வச்சு உலகம் நம்பாதுங்கறாங்க. உறுதிப்படுத்த ரெண்டாவது ஒண்ணு வேணுமாம். நீங்க கொஞ்சம் ஒத்துழைக்கணும்."

11:58

கதவில் துளை விழுந்துவிட்டது. காற்று போகிறது. முனை உள்ளே. மேரியின் உடுப்பு நூல் சுற்றியிருக்கிறது.

அமைச்சர் சொன்னதில் பொய்யில்லை. செவ்வாயில் உயிர் இருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரம்.

இதைக் கண்டெடுப்பவர் யாராயினும் சரி, ஈரமில்லாமல் வ