உன் வாப்பா உருக்கிய பனி

சுகர் லேண்ட், டெக்சாஸ்,
ஜனவரி, வியாழக்கிழமை

அன்பு மகள் அமலுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் உன் தம்பி ஜைத்தும் உடம்புக்குச் சுகம், மனசைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன். அங்கே நீயும் உன் மூச்சும் சுகமாக இருக்க எந்நேரமும் துஆ கேட்டுக்கொண்டிருக்கிறேன். போனை விட்டுவிட்டு உம்மா ஏன் கடிதத்தில் இறங்கிவிட்டாள் என்று நினைப்பாய். போனில் நீ 'ம்ம்', 'ஓகே உம்மா', 'லைன் கட் ஆகுது உம்மா' என்று மூன்றே பதிலில் என்னை முடித்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி நடுவில் கட் பண்ண முடியாது பார். பார்சலில் பருப்புப் பொடியும், இஞ்சி ஊறுகாயும், நீ கேட்காத கம்பளி சாக்ஸும் இருக்கின்றன, அதற்கு மேலே இதை வைக்கிறேன், உன் ஊருக்கு ப்ளேன் எப்போது போகிறதோ அப்போது வந்து சேரட்டும். நாலாம் வகுப்பு வரை மேலப்பாளையத்தில் தமிழ் படித்தவள்தானே நீ, எழுத்துக் கூட்டியாவது கடைசிவரை படி.

எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை மகளே. அடுப்பில் ஒன்றை வைத்தால் இன்னொன்றை எடுக்க மறக்கிறேன், கடைக்கென்று காரை எடுத்துவிட்டு எதற்குக் கிளம்பினோம் என்று சிக்னலில் யோசிக்கிறேன். என் போனில் இரண்டு ஊர் வானிலை வைத்திருக்கிறேன், நம்முடையதை நான் பார்ப்பதே இல்லை. நேற்று உன் ஊருக்கு நேரே சிவப்பில் ஏதோ எச்சரிக்கை போட்டிருந்தது. பதறிப்போய் ஜைத்திடம் காட்டினால் காதிலிருந்து ஹெட்போனைக்கூடக் கழற்றாமல் "ஜஸ்ட் விண்ட், உம்மா" என்கிறான். அவனுக்கு என்ன, காற்றுதான். சூரியனே எட்டிப் பார்க்காத அலாஸ்கா வடக்குக் கோடியில், அந்தக் காற்றில் ஸ்னோ ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பனி அள்ளப் போவது என் பிள்ளையல்லவா. போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போது நீ இருமினாய். "ட்ரை ஏர் உம்மா" என்று மழுப்பினாய். அந்த இருமலை எனக்குத் தெரியாதா, ஒன்றாம் வகுப்பிலிருந்து உன்னை மடியில் போட்டு நெபுலைசர் பிடித்தவள் நான். பனி எங்கேயும் ஓடிப்போகாது, காற்று அடங்கியபின் போய் எடுத்தால் குடியா முழுகிவிடும்.

போன வாரம் திருமூர்த்தி அங்கிளும் ஆன்ட்டியும் வந்திருந்தார்கள். வாப்பாவோடு ஒரே எண்ணெய்க் கம்பெனியில் இத்தனை வருஷம், அவர் வாயைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டாம். "மீரான், நீரு இங்க ஃப்ளேர்ல கேஸை எரிச்சுக் கரி விடுதீரு, உம்ம மக அங்க போய் அதைப் பொறுக்கி எண்ணுதா, நல்ல ஃபேமிலி பிசினஸ்யா" என்று ஆரம்பித்தார். வழக்கமாக இதற்கு வாப்பா அரை மணி நேரம் மல்லுக்கட்டுவார், எங்கள் ஃப்ளேரில் கரியே வராது என்று நாப்கினில் படம் போட்டுக் காட்டுவார். அன்றைக்குச் சும்மா சிரித்துவிட்டு டீ எடுத்து வருகிறேன் என்று உள்ளே போய்விட்டார். அப்படிப் பனியில் என்னதான் இருக்கிறது என்று ஆன்ட்டி கேட்டாள். நான்தான் சொன்னேன், எல்லாம் நீ சொல்லிக்கொடுத்ததுதான். காட்டுத் தீயோ, கப்பலோ, விறகு அடுப்போ, எண்ணெய்க் கிணறோ, எங்கெங்கோ எரிவதன் கரி காற்றோடு வடக்கே போய்ப் பனிமேல் இறங்கும், வெள்ளைப் பனி கொஞ்சம் கறுத்தாலும் வெயிலை இழுத்துச் சீக்கிரம் உருகிவிடும், பனி முந்தினால் பூச்சியும் முந்திப் பறந்துவிடும், அதற்கப்புறம் பொரிக்கிற பறவைக் குஞ்சுக்கு வாயில் வைக்க ஒன்றும் இருக்காது என்று. "உங்க பொண்ணு எவ்ளோ பெரிய வேலை பண்றா சுலைகா" என்றாள் ஆன்ட்டி. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. அந்தப் பெரிய வேலையில் ஒரு வருஷத்தை உருக்கிக் கொட்டியது நம் வீடுதானே.

போன ஹஜ்ஜுப் பெருநாளை நீ பேசவே மாட்டேன் என்கிறாய், அதனால் நான் பேசுகிறேன். ஒரு குளிர்காலம் முழுக்க அள்ளிய பனியை பாட்டில் பாட்டிலாகப் பெட்டியில் அடைத்துக் கொண்டுவந்தாய். ஹூஸ்டன் லேபில் ஃப்ரீசர் ரிப்பேர், "பெருநாள் முடியட்டும் உம்மா, நானே வந்து எடுத்துக்கிறேன், யாரும் தொடாதீங்க, உருகக் கூடாது" என்று நம் கராஜ் ஃப்ரீசரில் வைத்துவிட்டுப் போனாய். பெருநாளுக்கு வாப்பா பண்ணைக்குப் போய் ஆடு அறுத்துக் குர்பானி கொடுத்துவிட்டு வந்தார். பங்கு வாங்குகிறவர்களில் பாதிப் பேர் லீவில் ஊருக்குப் போயிருந்தார்கள், அவர்கள் கறியும் சேர்ந்து நம் வீட்டுக்கே திரும்பி வந்தது. ஜூன் மாத ஹூஸ்டன் வெயிலில் கறியை எங்கே வைப்பது, உன் பாட்டில்களை எடுத்து பிக்னிக் ஐஸ் பெட்டியில் வைத்து மேலே ஐஸைக் கொட்டினார், சாயங்காலம் கறி கொஞ்சம் குறைந்ததும் திரும்ப வைத்துவிடலாம் என்று. விருந்தாளிகள் வந்தார்கள், பிள்ளைகள் வந்தார்கள், மறந்தே போய்விட்டார். மறுநாள் திறந்தால் ஐஸும் தண்ணீர், உன் பாட்டிலும் தண்ணீர். துடைத்துத் திரும்ப உள்ளே வைத்துவிட்டு எனக்கே பாடம் எடுத்தார். "மூடி டைட்டா இருக்கு பிள்ளே, ஒரு சொட்டு வெளிய போகல. உள்ள போனது உள்ளதான இருக்கும்? உருகுனா என்ன, மறுபடி உறைஞ்சா கணக்கு சரியாப் போச்சு." வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பைப்பிலும் டாங்கிலும் வரவு செலவு பார்த்த இன்ஜினியர், எவ்வளவு உள்ளே போனதோ அவ்வளவு வெளியே வர வேண்டும், அவருக்கு உலகமே அவ்வளவுதான். உருகின தண்ணீரில் கரி பாட்டில் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும், மறுபடி உறைந்தால் திரண்டுகொள்ளும், அப்புறம் எண்ணினால் குறைவாகத்தான் காட்டும் என்பதெல்லாம் எங்களுக்கு என்ன தெரியும்.

நீ வந்தாய், கறிப் பைகளை ஒவ்வொன்றாக நகர்த்தி ஒரு பாட்டிலை எடுத்தாய். பச்சரிசி மாவு மாதிரி உள்ளே போன பனி, கண்ணாடிக் கட்டியாக இருந்தது. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் வாசலிலேயே நின்றேன். வாப்பா வந்து மூடி டைட், கணக்கு சரி என்று முழு விளக்கமும் கொடுத்தார், நீ குறுக்கே பேசாமல் முழுதும் கேட்டாய். கேட்டுவிட்டு "இட்ஸ் ஓகே வாப்பா, யூ டிடின்ட் நோ" என்றாய். அவ்வளவுதான். உள்ளே வந்து பிரியாணி சாப்பிட்டாய், இன்னும் கொஞ்சம் என்று கேட்டும் வாங்கினாய், தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். "பாத்தியா, நான் சொன்னேன்ல, ஒண்ணும் ஆகல" என்று வாப்பா நிம்மதியாகிவிட்டார். நானும் அல்ஹம்துலில்லாஹ் என்றேன், புத்தி கெட்டுப்போய்.

அப்புறம் அக்டோபரில் ஒரு நாள் தோசை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எங்களிடம் இல்லை, ஜைத்திடம் சொல்கிறாய், போன வின்டர் டேட்டாவை யூஸ் பண்ண முடியாது, அதனால் இந்த வின்டரும் அலாஸ்கா போகிறேன் என்று. வாப்பாவின் கையில் தோசைத் திருப்பி அப்படியே நின்றது. "நான் உருக்குனதாலயாம்மா?" என்று கேட்டார். "நோ நோ வாப்பா, எப்படியும் ரெண்டு வருஷ டேட்டா வேணும்" என்றாய். பொய். பொய் சொன்னால் உனக்குக் காது மடல் சிவக்கும், அன்றைக்குச் சிவந்தது, வாப்பாவும் பார்த்தார். தோசை கருகிப்போய் ஸ்மோக் அலாரம் அடித்தது, நீதான் எழுந்துபோய் அணைத்தாய்.

அன்றிலிருந்து என் நெஞ்சில் ஒரே கேள்விதான் கிடந்து உருள்கிறது, கேட்டே விடுகிறேன். நீ பனிக்காகப் போனாயா, எங்கள் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் போனாயா? ஜைத்திடம் கேட்டேன், "அவ ப்ராஸஸ் பண்ணிட்டிருக்கா உம்மா, கிவ் ஹெர் ஸ்பேஸ்" என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னான். ஸ்பேஸாம் ஸ்பேஸ்! அலாஸ்காவை விடவா இன்னும் ஸ்பேஸ் கொடுக்க வேண்டும், அதற்கப்புறம் நிலாதான் பாக்கி. எனக்குக் கோபம் கோபமாக வருகிறது அமல். உன் மேலும் வருகிறது. நீ அங்கே நன்றாக மூச்சு விடுகிறாயா என்று தெரியாமல் நான் இங்கே நன்றாக மூச்சு விட முடியவில்லை.

வாப்பாவைப் பற்றி நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். உங்கள் துறையில் யாரோ எழுதிய கட்டுரையைப் பிரிண்ட் போட்டு, பென்சிலால் கோடு இழுத்து இழுத்து டைனிங் டேபிளில் வைத்துப் படிக்கிறார். படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, "சுவத்துல ஒட்டிக்கிடுமாம் பிள்ளே, நான் அதை யோசிக்கவே இல்ல" என்கிறார், ஏதோ நான்தான் நீ என்பது போல. இந்த வருஷ குர்பானியை மேலப்பாளையத்திலேயே கொடுத்துவிடச் சொல்லிவிட்டார். நீ என்னோடு பேசி முடித்ததும், "என்ன சொன்னா? என்னைப் பத்தி ஏதும் கேட்டாளா?" என்பார், நலமா என்று கேட்டாள் என்பேன், தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். போன ஞாயிறு என்னிடமிருந்து போனை வாங்கி அவரே பேசினாரே, நினைவிருக்கிறதா? குளிர் எவ்வளவு என்று கேட்டார், சொன்னாய். ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். "நோ வாப்பா, ஆல் குட், தேங்க்யூ ஃபார் காலிங்" என்றாய். போனை மேசையில் வைத்தார். அப்புறம் சொன்னார், "சுலைகா, மக கஸ்டமர் சர்வீஸ்ல பேசுத மாதிரி பேசுதா." நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. தொழுகைக்கு ஒளுச் செய்யப் போகிறேன் என்று பாத்ரூமுக்குள் போனவர் குழாயைத் திறந்துவிட்டுவிட்டு ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது கண் சிவந்திருந்தது. அவருடைய உம்மா மவுத்தானபோதுதான் அப்படிப் பார்த்திருக்கிறேன்.

வந்துவிடு மகளே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத மாட்டேன். அந்தப் பனியை யாராவது அள்ளித்தான் ஆக வேண்டும், அதை என் பிள்ளை அள்ளுகிறாள் என்பதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று உன்னிடம் நேரில் சொன்னதே இல்லை, இப்போது சொல்கிறேன். குளிர்காலம் முடிகிறவரை இருந்து வேலையை முடித்துவிட்டு வா. ஆனால் கோபத்தை இஸ்திரி போட்டு மடித்து வைத்துக்கொண்டு இருக்காதே. இட்ஸ் ஓகே என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வதை இந்த ஊர் உனக்குக் கற்றுக்கொடுத்திருக்கலாம், ஆபீசில் வைத்துக்கொள், நமக்குள் வேண்டாம். சின்னப் பிள்ளையில் வாப்பா ஃப்ரீவேயில் எக்ஸிட்டை விட்டுவிட்டால் பின் சீட்டிலிருந்து "வாப்பா, போர்டு அவ்ளோ பெருசா இருக்கு, கண்ணு தெரியலையா உங்களுக்கு" என்று கத்துவாய். பெரியவர்களிடம் இப்படியா பேசுவது என்று நான் திரும்பி அடிக்க வருவேன். அவர் என் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டு, "விடு பிள்ளே, நம்மகிட்ட கத்தாம வேற யார்கிட்ட கத்துவா" என்பார். இப்போதும் அவர் மன்னிப்புக்காகக் காத்திருக்கவில்லை அமல், அதை நீ அன்றைக்கே தட்டுக் கழுவும்போது கொடுத்துவிட்டாய். நீ கத்துவாய் என்றுதான் காத்திருக்கிறார்.

அல்லாஹ் உனக்குக் குறைவில்லாத மூச்சையும், நீண்ட ஆயுளையும், எடுத்த வேலையில் பரக்கத்தையும் தருவானாக, காற்றிலும் இருட்டிலும் உன்னைத் தன் காவலில் வைத்துக்கொள்வானாக. இன்ஹேலரைப் பையில் போடாதே, குளிரில் சரியாக வேலை செய்யாதாம், கோட்டுக்கு உள்ளே உடம்போடு ஒட்டி வைத்துக்கொள். பார்சல் கைக்கு வந்த வாரம் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வாப்பா வீட்டில் தனியாக இருப்பார், உனக்கு அது காலை நேரம்தான், நான் ஜைத்தைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிறேன். போன் பண்ணு. ஸலாம் சொன்னதும் நேராகத் திட்ட ஆரம்பி, எவ்வளவு நேரமானாலும் அவர் வைக்க மாட்டார். தேங்க்யூ மட்டும் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன் உம்மா,
சுலைகா மீரான் மைதீன்