படத்தில் வராத தொட்டில் பாட்டு

திருவண்ணாமலை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள கணவர் அஸ்பாக் அவர்களுக்கு வஜீதா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். உடம்புக்கு ஒன்றும் இல்லையே? நான் இருக்கிறேன். தையல் கடையும் இருக்கிறது. உங்கள் அக்கா ரூபீனா தினமும் ஒருதரம் வந்து, நான் சாப்பிட்டேனா என்று சட்டியைத் திறந்து பார்த்துவிட்டுப் போகிறார். என் வார்த்தையில் அவருக்கு நம்பிக்கை இல்லை.

கையில் போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நாம் என்ன பேசுகிறோம்? சாப்ட்டியா, சாப்ட்டேன், நீங்க, ஆச்சு, சரி வெச்சிடறேன். பேலன்ஸ் சொல்கிற மெஷின்கூட நம்மைவிட ஜாஸ்தி பேசும். அதுவுமில்லாமல், போனில் நான் வாயைத் திறந்தால் சண்டை வரும், நீங்கள் அமைதியாகிவிடுவீர்கள். உங்கள் அமைதியோடு சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை. கடிதம் என்றால் முழுதாகப் படித்துத்தானே ஆக வேண்டும்.

இங்கே பௌர்ணமிக் கூட்டம் நேற்றுதான் வடிந்தது. கடை இருக்கும் தெருவுக்குள் ஆட்டோவே விடவில்லை. பை தைத்துக் கொடுக்கச் சொல்லி வந்தவர்களைவிட, கழிப்பறை எங்கே என்று கேட்டு வந்தவர்கள் அதிகம். மழை கம்மி. வீட்டுத் தண்ணீர் மோட்டாரை ரிப்பேர் செய்தாயிற்று. நீங்கள் வந்துதான் பார்க்க வேண்டும் என்று எதுவும் பாக்கி இல்லை. எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

படத்தைப் பற்றி எழுதுகிறேன். வெளியான அன்று ரூபீனா அக்கா, மஸ்தான் அண்ணன், பிள்ளைகள், பக்கத்து வீட்டார் என்று ஒரு கல்யாணக் கும்பலே தியேட்டருக்குப் போனது. பேசுவதெல்லாம் பாட்டாகவே வருகிற படம், அதில் மூன்று பாட்டு என் தம்பி எழுதியது என்று அக்கா ஒரு வாரமாக மார்க்கெட் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். திரும்பி வந்ததும் அக்காதான் சொன்னார். மூன்றில் ஒன்றுகூட வரவில்லையாம். அன்றைக்கு நீங்கள் அக்காவிடம் போனில், படம் நீளமாகிவிட்டது, எடுத்துவிட்டார்கள் என்று சொன்னீர்கள். என்னிடமும் அதையேதான் சொன்னீர்கள். சினிமா வேலைக்குப் போன இடத்திலிருந்து அதற்குப் பிறகு ஊருக்கே வரவில்லை. நாலு மாதம் ஆகிறது.

உங்களுக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். நானும் போனேன். அடுத்த வாரம் ஒரு காலைக் காட்சிக்கு, தனியாக. அக்கா கவனிக்காமல் இருந்திருப்பார், பாட்டு எங்கேயாவது ஒரு மூலையில் வந்திருக்கும் என்று ஒரு நப்பாசை. தியேட்டரில் ஆளே இல்லை. ஏசியும் போடவில்லை. கடைசியில் பெயர்கள் ஓடும்போது பெருக்குகிற அம்மா துடைப்பத்தோடு வந்துவிட்டார். ஒரு நிமிஷம் இருங்கம்மா என்று கெஞ்சி நின்று பார்த்தேன். நன்றி என்று போட்டு, சாப்பாடு கொடுத்தவருக்கும் வேன் கொடுத்தவருக்கும் நடுவில் உங்கள் பெயர் வந்தது. அந்த அம்மா, உங்களுக்குத் தெரிஞ்சவங்களா என்று கேட்டார். என் வீட்டுக்காரர் என்றேன். வேன் விடறாரா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான் தேடிப் போனது தொட்டில் பாட்டைத்தான். கல்யாணப் பாட்டும் பஸ் ஸ்டாண்டுப் பாட்டும் போனால் போகட்டும்.

இனி எழுதுவதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் எழுதுகிறேன். நாம் இரண்டு பேரும் இதை ஒருநாளும் பேசியதில்லை. பாப்பா பிறந்து, ஒரு ராத்திரி இருந்து, மறுநாள் மதியம் லுஹர் தொழுகை நேரத்துக்குள் போய்விட்டாள். அவள் காதில் நீங்கள் பாங்கு சொன்னது எனக்குக் கேட்டது. அவ்வளவு மெதுவாக நீங்கள் பேசி நான் கேட்டதே இல்லை. பிறகு துணியில் சுற்றி உங்கள் கையில் கொடுத்தார்கள். அடக்கம் செய்யப் பெண்கள் கபர்ஸ்தானுக்குப் போவதில்லை. நீங்கள் வாசலைத் தாண்டுகிற வரைக்கும் கட்டிலில் இருந்து பார்த்தேன். திரும்பி வந்து, கை கால் கழுவி, உனக்கு டீ போடட்டுமா என்று கேட்டீர்கள். அத்தோடு சரி. இரண்டரை வருஷமாயிற்று. எங்கே வைத்தீர்கள், எப்படி வைத்தீர்கள், அழுதீர்களா, ஒன்றும் சொல்லவில்லை. பஸ் அந்தக் கபர்ஸ்தான் மதிலைத் தாண்டும்போதெல்லாம் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் சுவர் முழுவதையும் பார்ப்பேன்.

தொட்டிலுக்காக நீங்கள் முன்கூட்டியே கூரையில் மாட்டிய கொக்கியை, ஒரு மாதம் கழித்து ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றப் போனீர்கள். கழட்டாதீங்க, ஃபேனாவது மாட்டிக்கலாம் என்று சொன்னேன். அன்றைக்கு நான் பேசியது அது ஒன்றுதான்.

நோன்புக்கு முன்னால் ஒருநாள் அக்கா வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். தம்பி பாட்டு அனுப்பியிருக்கான் என்று அக்கா போனைச் சத்தமாக வைத்தார். ஒரு பெண் குரல் பாடியது.

கழட்ட வேண்டாம் அந்தக் கொக்கி,
காத்தாடி மாட்டிக்கலாம்...

மேலே நான் கேட்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன். அக்கம்பக்கத்தார் எல்லாம் நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்கிறார்கள். அது என் பேச்சு என்று அவர்களுக்கு என்ன தெரியும்? அன்று ராத்திரி நீங்கள் போன் செய்தபோது, இதெல்லாம் ஊருக்குக் கேக்கணுமா என்று கேட்டு வைத்துவிட்டேன். நீங்களும் மறுபடி அதைப் பற்றிக் கூப்பிடவில்லை.

அந்தப் பாட்டைப் பாடிய பெண் நந்தினி வியாழக்கிழமை கடைக்கு வந்தாள். பௌர்ணமிக்கு அம்மாவோடு மலை சுற்ற வந்து, ஆசிரமத்துப் பக்கம் ரூம் எடுத்திருந்தார்களாம். என் மனைவி தையல் கடை வைத்திருக்கிறாள் என்று நீங்கள் எப்போதோ சொன்னதை வைத்துத் தேடி வந்திருக்கிறாள். காலெல்லாம் கொப்புளம். சின்னப் பெண். அதுதான் அவளுக்கு முதல் பாட்டாம்.

அவள் வாயால்தான் தெரிந்தது. மற்ற இரண்டு பாட்டும் நீளத்துக்காகப் போனது நிஜம். தொட்டில் பாட்டை யாரும் எடுக்கச் சொல்லவில்லை. டைரக்டருக்கு அதுதான் ரொம்பப் பிடித்ததாம். நீங்களே போய், இது வந்தால் என் குடும்பம் இருக்காது சார் என்று கையைப் பிடித்துக் கெஞ்சினீர்களாம். அவர் கத்தினாராம். இனிமேல் என் ஆபீஸ் பக்கம் வராதே என்றாராம். எடுத்த காட்சியையும் சேர்த்து வெட்டிவிட்டார்களாம். எனக்கும் ஒரே பாட்டு, அவருக்கும் மிஞ்சினது அது ஒண்ணுதான், ஏங்க்கா இப்படிப் பண்ணாரு என்று அந்தப் பெண் கேட்கிறாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. உங்கள் மேல்தான். யாருங்க உங்களை எடுக்கச் சொன்னது? நான் சொன்னேனா? ஒரு வார்த்தை கோபத்தில் வந்தால், ஏன் வந்தது என்று திருப்பிக் கேட்கத் தெரியாதா? ஊர் கேட்கப் போகிறதே என்று நான் கோபப்படவில்லை. எனக்கு முன்னால் ஊருக்குச் சொன்னீர்களே என்றுதான் கோபம். என்னிடம் டீ போடட்டுமா என்று கேட்ட மனுஷன், மெட்டுப் போட்டவரிடம் போய் அத்தனையையும் கொட்டியிருக்கிறார். நானும் அக்கா வீட்டுப் பாயில் உட்கார்ந்து, பத்தோடு பதினொன்றாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

நந்தினி போனில் பாட்டைப் போடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அவள் போனைப் பைக்குள் வைத்துவிட்டு ஒன்று கேட்டாள்.

"ஜோயா யாருக்கா?"

எனக்குத் தையல் மெஷினில் இருந்து காலை எடுக்கத் தோன்றவில்லை. சரணத்தில் அந்தப் பெயர் வருது, படத்துல அந்தப் பேர்ல யாருமே இல்லையே, டைரக்டர் மாத்தச் சொல்லியும் அண்ணன் மாத்த மாட்டேன்னுட்டாரு என்று சொன்னாள். நம் வீட்டில், நம் தெருவில், இந்த இரண்டரை வருஷத்தில் நாம் வைத்த அந்தப் பெயரைச் சொல்லி யாரும் என்னைக் கேட்டதில்லை. பிறந்து ஒரு நாள்தானே, அதற்கு எதற்குப் பெயர் என்றுதான் எல்லோரும் விட்டுவிட்டார்கள். நீங்களும் மறந்துவிட்டீர்கள் என்று நினைத்திருந்தேன்.

"எம் பொண்ணும்மா" என்றேன்.

அவள் அழுதுவிட்டாள். நான் அழவில்லை. ஜாக்கெட் வாங்க வந்த ஒரு அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். நந்தினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அக்கா இந்த ரெண்டு வரிய மட்டும் சொல்லிடறேன் என்று சன்னமாகப் பாடினாள்.

மண்ணைக் கொட்டவில்லை கண்ணே, கையாலே தூவி வைத்தேன்,
வேம்பு நிழல் சாயும் பக்கம் வெயில் படாமல் தூங்கு ஜோயா.

போதும் என்று நிறுத்தச் சொல்லிவிட்டேன். அந்த அம்மாவுக்கு ஜாக்கெட்டை எடுத்துக் கொடுத்தேன். அது வேறு யாருடையதோ, மறுநாள் வந்து சண்டை போட்டார்.

வேம்பு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. மதிலுக்கு வெளியே இருந்து பார்த்தால் அந்த மரம் தெரிகிறதா என்று மறுநாளே போய்ப் பார்த்தேன். இரண்டு வேம்பு தெரிகிறது. எந்த வேம்பு என்று உங்களுக்குத்தான் தெரியும். கையாலே தூவி வைத்தீர்கள் என்பதை அன்றைக்கே என்னிடம் சொல்லியிருந்தால், அந்த டீயை நான் குடித்திருப்பேன்.

நந்தினி இன்னொன்றும் சொன்னாள். வெட்டிய பாட்டுகளை இணையத்தில் விடப் போகிறார்களாம். மெட்டுப் போட்டவர் நல்ல மனுஷர் போலிருக்கிறது. தொட்டில் பாட்டை மட்டும், நீங்கள் சரி என்று சொல்லாமல் விட மாட்டேன் என்று வைத்திருக்கிறாராம். நீங்கள் அவர் போனையே எடுப்பதில்லையாம். எடுங்கள். சரி என்று சொல்லுங்கள். என் வீட்டில் சம்மதம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். கொக்கி அப்படியே இருக்கட்டும், ஜோயாவும் அப்படியே இருக்கட்டும், ஒரு எழுத்தையும் மாற்றக் கூடாது. டீக்கடையில் போடட்டும், பஸ்ஸில் போடட்டும், பௌர்ணமிக் கூட்டத்தில் எவன் போனிலாவது ஒலிக்கட்டும். எனக்கு ஒரு மகள் இருந்தாள் என்று ஊருக்குக் கேட்கட்டும். அந்தப் பெண்ணின் முதல் பாட்டும் வீணாக வேண்டாம்.

ஆனால் அதற்கு முன்னால் நீங்கள் ஊருக்கு வர வேண்டும். இந்த முறை ஊர் கேட்பதற்கு முன்னால் நான் கேட்க வேண்டும், அதுவும் உங்கள் வாயால். உங்களுக்குப் பாட வராது என்று எனக்குத் தெரியும், பரவாயில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு என்னை அந்த மதில் வரைக்கும் கூட்டிப் போங்கள். உள்ளே வர மாட்டேன். எந்த வேம்பு என்று மட்டும் கை காட்டுங்கள்.

டைரக்டர் வேலை கொடுக்காவிட்டால் போகிறார். அந்த வெட்கத்துக்காக ரூமிலேயே பட்டினி கிடக்காதீர்கள். அக்கா கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன். மார்க்கெட்டில் கேட்டாலும் நான் பார்த்துக்கொள்கிறேன். அல்லாஹ் உங்கள் வயிற்றுக்கு உணவையும், உங்கள் வாய்க்குப் பேச்சையும் கொடுக்கட்டும். என்னோடு அவளைப் பற்றிப் பேச இந்த உலகத்தில் உங்களைத் தவிர எனக்கு வேறு ஆள் இல்லை, வந்துவிடுங்கள்.

உங்கள்
வஜீதா