பார்த்தேன் என்று சொன்ன டப்பாக்கள்

கிருமி வளர்க்கும் இன்குபேட்டரைத் திறந்ததும் அந்த வாடை அடித்தது. இத்தனை வருடம் முகர்ந்தும் எனக்குப் பழகாத வாடை. நீ மட்டும் முகம் சுளிக்காமல், "நல்லா வளந்திருக்குட்டி" என்று சந்தோஷப்படுவாய். இன்றும் தட்டுகளில் கிருமி நன்றாகத்தான் வளர்ந்திருந்தது.

நம் ஆய்வைத் திரும்பச் செய்கிறேன். நீ இறந்துபோய் மூன்று வருடம் கழித்து. அதே ஊர்கள், புதிய பெண்கள், நீ எழுதி வைத்த அதே செய்முறை. நீர்க்கடுப்பு வந்தவர்களின் சிறுநீரிலுள்ள கிருமியை வளர்த்து, அதன் மரபணுத் தொகுதியை முழுதாக வாசித்து, கிருமியை மருந்துக்கு அடங்காமல் செய்யும் மரபணு இருக்கிறதா என்று தேடுவது உன் பாதி. வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்புவது என் பாதி. மருந்தே சாப்பிடாத பெண்களின் கிருமியிலும் அந்த மரபணு இருக்கிறது என்று எழுதினாய். அந்த ஒரு வரிக்காகத்தான் நம் கட்டுரையை எல்லோரும் படித்தார்கள்.

உன் பாதி இம்மியும் பிசகாமல் அதே முடிவைத் தந்துவிட்டது.

சில மாதங்களுக்கு முன் அருமனையில் ஒரு அக்கா வீடு. மருந்து ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். "ஒண்ணும் தின்னல்ல மக்கா" என்றார். 'இல்லை' என்று எழுதிவிட்டு, வெயிலில் அலைந்த தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். "தலவலியா? நில்லு, குளிகை தாறேன்" என்று ஒரு பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்தார். பாதி தீர்ந்த ஆன்டிபயாட்டிக் அட்டை ஒன்று விழுந்தது.

"இது எதுக்குக்கா?"

"அது கடுப்புக்குள்ளது. மவன் சவுதியில இருந்து கொண்டு வந்ததுல்லா. டாக்டர் தந்தாத்தானே மருந்து?"

இந்த முறை போயிருந்த எல்லா வீடுகளுக்கும் திரும்பிப் போய் டப்பாவைக் காட்டச் சொன்னேன். 'இல்லை' என்று சொல்லியும் மரபணு இருந்த பெண்களில் பெரும்பாலானோர் வீட்டில் அப்படியோர் அட்டை இருந்தது. நிஜமாகவே எதுவும் சாப்பிடாதவர்களின் கிருமியில் அது அநேகமாக இல்லை. அப்படியானால் நம் பழைய படிவங்களில் நான் எழுதிய 'இல்லை'களையும் நம்ப முடியாது.

நீ அன்றே, முதல் ஆய்வின்போதே சொன்னாய்: "வாயால கேட்டா காணாது. பாதியும் கல்ஃப் வீடுல்லா. டப்பாவக் காட்டச் சொல்லு." முன்பின் தெரியாத வீட்டில் அப்படிக் கேட்க எனக்குக் கூச்சம். திரும்பி வந்ததும், "டப்பா பாத்தியாட்டி?" என்றாய். "பாத்தேன்" என்றேன். அதற்குமேல் நீ கேட்கவில்லை. கேட்டிருக்கலாமே! ஏன் என்னை அவ்வளவு நம்பினாய்? பொய் சொன்னது நான், கோபம் உன்மேல் வருகிறது. அநியாயம்தான்.

கட்டுரை வந்த இதழுக்குத் திருத்தம் அனுப்புமுன் உன் வீட்டுக்குப் போனேன். உன் வீட்டுக்காரர், கட்டுரையின் முதல் பக்கத்தைச் சட்டம் போட்டு பைபிள் வசனக் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவ பேரு கெட்டுப் போவுமா?"

"இல்லண்ணே. அவ செஞ்சதெல்லாம் சரியாத்தான் இருக்கு. பொய் சொன்னது நான்னு எழுதியிருக்கேன்."

சட்டத்தின் கண்ணாடியைத் தோள்துண்டால் துடைத்தார். பிறகு, "அவளுக்குத் தெரிஞ்சிருந்தா உன்ன வெளுத்து வாங்கியிருப்பா. மறுநா உன்னையும் கூட்டிட்டு அந்த வீடெல்லாம் ஏறி இறங்கியிருப்பா" என்றார்.

திருத்தம் போய்விட்டது. இப்போது எந்த வீட்டிலும் கூச்சப்படாமல் கேட்கிறேன். நேர்மையாக எழுதினாய் என்று நாலு பேர் பாராட்டிக் கடிதம் போட்டிருக்கிறார்கள். ஒருவராவது திட்டக் கூடாதா? திட்ட வேண்டியவள் நீ ஒருத்திதான். நீ இல்லை.