பேய்ப் படம் கேட்கிறார்

மார்ச் 4, செவ்வாய்

ரத்த வங்கியில் எனக்குப் ‘பேயக்கா’ என்று பெயர். பகலெல்லாம் ரத்தப் பையோடு கிடந்துவிட்டு வீட்டுக்குப் போயும் ரத்தம் பார்க்கிறவளை வேறெப்படிக் கூப்பிடுவார்கள்? யாருக்கு எந்தப் படம் தாங்கும் என்பது எனக்கு அத்துப்படி. புது நர்ஸுக்கு இன்று ஒரு பனி நாட்டுப் படம் சொன்னேன். ஏரியைக் கடக்கும் படகு ஒவ்வொரு முறை கரை சேரும்போதும் ஒரு பயணி குறைந்திருப்பார். அப்படி ஒருவர் இருந்ததே மற்றவர்களுக்கு நினைவிருக்காது. பயத்தைவிடத் துக்கம் அதிகம். வாட்ச்மேனுக்கு அது சரிப்படாது. அவருக்கு ஒரு தலையாவது உருள வேண்டும்.

வீட்டுக்கு வந்தால் இவர்: “எனக்கும் ஒரு பேய்ப் படம் சொல்லேன். வெளிநாட்டுப் படமா.”

பல்லி விழுந்தால் கட்டில்மேல் ஏறுகிற மனிதர்! எலி சும்மாவா அம்மணமாக ஓடும்?

மார்ச் 9, ஞாயிறு

மதியம் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படகுப் படம் பார்த்தோம். கண் கொட்டாமல் பார்த்தார். முடிந்ததும் “இன்னொண்ணு?” என்றார். நம்ம மொழியிலேயே நல்லதாக ஒன்று இருக்கிறது என்றேன்.

“அதெல்லாம் வேணாம். கீழ எழுத்து ஓடுற படமாச் சொல்லு.”

“படம் பாக்கவா, பாடம் படிக்கவா?” என்று என்னோடு சண்டை போட்டவர் இவர்தான். யாரிடம் போய்ச் சொல்ல இத்தனை படம்? எங்கோ ஒரு பேய்ப்பட ரசிகை இருக்கிறாளா? என்னிடம் கேட்டு அங்கே அளக்கிறாரா?

மார்ச் 11, செவ்வாய்

நாத்தனார் பேசினாள். “அண்ணி, அண்ணன் என் போனையே எடுக்கறதில்ல. எதுக்கெடுத்தாலும் மெசேஜ். என்மேல கோவமா?”

எனக்கும் அதே கதைதான். அடித்தால் கட் பண்ணுகிறார், பிறகு மெசேஜ் அனுப்புகிறார். பக்கத்தில் ஆள் இருந்தால்தானே அப்படி? கிரேன் கூண்டில் ஒற்றையாக உட்கார்ந்திருக்கிறவருக்குப் பக்கத்தில் யார்?

மார்ச் 13, வியாழன்

ரத்தம் கொடுக்க வந்த இன்னொரு கிரேன்காரர் சொன்னார்: “அண்ணன் இன்னிக்கு லீவு போல.” சாயங்காலம் இவரைக் கேட்டேன். “செம வேலை” என்றார்.

பொய்.

மார்ச் 16, ஞாயிறு

வேண்டுமென்றே ஒரு பாலைவன நாட்டுப் படம் போட்டேன். என்னிடம் இருப்பதிலேயே கொடியது. பேயே வராது. விதவை ஒருத்தி புது வீட்டில் அலமாரியை நகர்த்துவாள். சுவருக்குள்ளிருந்து நகத்தால் பிறாண்டும் சத்தம். அவ்வளவுதான். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு முதுகு சில்லிடும்.

இவர் கடலை கொறித்துக்கொண்டிருந்தார். “ஒண்ணுமே நடக்கலையே. அந்தம்மா எதுக்கு அழுது?”

மனசு இங்கே இல்லை.

மார்ச் 18, செவ்வாய்

எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் முதுகைக் காட்டியபடி துணி மடித்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்று கேட்டேவிட்டேன்.

“வேற யாராவது இருக்காளா?”

வேட்டியை நீவி மடித்தார்.

“வியாழக்கிழமை எங்க போனீங்க?”

துண்டை உதறி மடித்தார். ஏதோ பாட்டை முனகினார். பாட்டு! அடப்பாவி, கல்லுக்குக்கூட ஈரம் இருக்குமே! வாய்விட்டு அழுதேன். அவர் நிதானமாகச் சட்டைக்குப் பித்தான் போட்டார்.

பிறகு திரும்பினார். சட்டை கீழே விழுந்தது.

“ஐயோ, என்னாச்சு? நீ எப்ப வந்த?”

எப்ப வந்தேனா — அப்போதுதான் அந்தப் பாலைவனப் படத்துச் சுவர் நினைவுக்கு வந்தது. அதிலிருந்து வந்த சத்தம்.

“நான் பேசினது கேக்கலையா?”

என் உதட்டையே பார்த்தார். கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

வியாழக்கிழமை போனது காது டாக்டரிடம். இத்தனை வருட இன்ஜின் சத்தம் இரண்டு காதையும் தின்றுவிட்டது. “எழுத்து ஓடுற படத்துல மட்டும்தான் நீயும் படிக்கற, நானும் படிக்கறேன். வித்தியாசம் தெரியாதுல்ல. உன்கூட உக்காரணும்னுதான்...”

ஒருத்தியும் இல்லை. சிரிப்பு வந்தது, அழுகை வந்தது. அப்புறம்தான் உறைத்தது.

“கிரேன்ல எப்படி?”

“கீழ இருக்கறவன் கையைப் பாத்து சமாளிக்கறேன். யார்கிட்டயும் சொல்லிடாத.”

போன வாரம் ஓர் இரும்புத் தூண் ஓர் ஆளின் தலைக்கு மேலேயே போனதாம். வாக்கிடாக்கியில் ‘நிறுத்து, நிறுத்து’ என்று கத்தியிருக்கிறார்கள்.

மார்ச் 19, புதன்

காலையில் அவர் முகத்துக்கு நேரே நின்று சொன்னேன். “கீழ நிக்கறவனுக்கும் வீட்ல ஒருத்தி இருப்பால்ல?”

சாப்பிடாமல் போனார். நான் வேலையில் இரண்டு முறை லேபிளை மாற்றி ஒட்டப் பார்த்தேன். அவர் சொல்லாவிட்டால் நான் சொல்ல வேண்டும். சொன்னால் இந்த வீட்டில் என்ன மிஞ்சும்?

மதியம் மெசேஜ்: “சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டேன். இறங்கிட்டேன்.”

ஏப்ரல் 27, ஞாயிறு

இப்போது பண்டகசாலையில் கயிறும் கொக்கியும் எடுத்துக் கொடுக்கிறார். மேலே பார்ப்பதே இல்லையாம். வெள்ளிக்கிழமை காதுக்கு மெஷின் வந்தது.

இன்று படத்தை அவரே தேர்ந்தெடுத்தார். பாதியில் என் கையை இறுக்கிப் பிடித்தார்.

“அந்த உறுமல் எங்கேருந்து வருது?”

படத்தில் உறுமலே இல்லை. நிறுத்திவிட்டு இருவரும் காதைக் கொடுத்தோம். சமையலறையில் பிரிட்ஜ்.

“இது எப்பவுமே இப்படியா?”

“எப்பவுமே இப்படித்தான்.”

சமையலறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கையை விடவில்லை.

“இத்தனை நாளா இதோட தனியாவா இருந்த?” என்றார்.