ஒன்பது அடி நாலு இன்ச்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். உன் இருமல் நின்றதா? குளிருக்குக் கழுத்தில் சுற்றிக்கொள்ள நான் தைத்து அனுப்பிய கம்பளித் துணியை நீ ஜன்னல் இடுக்கில் அடைத்து வைத்திருப்பதைப் போன வாரம் போனில் பார்த்தேன். அதற்குத் தனியாக ஒரு நாள் சண்டை போடலாம்.

டிவி வாங்கியாகிவிட்டது. நீ கேட்டபோதெல்லாம் "பாத்துக்கிட்டே இருக்கோம்" என்று சமாளித்தேன். போனில் சொன்னால் எடுத்த எடுப்பிலேயே எந்தக் கம்பெனி என்று கேட்பாய். பதில் சொன்னால் கோபம் வரும். அப்புறம் நான் சொல்ல வந்ததைச் சொல்லவே முடியாது. கடிதத்தில் நீ குறுக்கே பேச வழியில்லை. அதனால் உட்கார்ந்து முழுசாகப் படி. பில்லைக் கடைசித் தாளோடு சேர்த்துப் பின் அடித்திருக்கிறேன். முதலில் அதைப் புரட்டாதே.

உன் மாமா பந்தாட்டம் பார்க்கத்தான் பெரிய டிவி என்று உன்னிடம் சொல்லியிருந்தேன். அவர்மேல் பழியைப் போட்டால் நீ அதிகம் கேள்வி கேட்க மாட்டாய் என்ற தைரியம். உண்மையில் அப்பாவுக்காகத்தான் வாங்கினேன்.

அப்பாவின் காது நீ வெளிநாட்டுக்குக் கிளம்பியபோது இருந்ததைவிட மோசம். முப்பது வருடம் மர மில்லில் ரம்பத்துக்குப் பக்கத்திலேயே நின்றவர் அல்லவா. காது மெஷினை மாட்டினால் மில்லே தலைக்குள் ஓடுகிறது என்கிறார். அது டிராயரில் தூங்குகிறது. ஆனால் கேட்கவில்லை என்று ஒப்புக்கொள்ள மட்டும் வாய் வராது. எதைச் சொன்னாலும் தலையாட்டுவார். காப்பி வேணுமா என்றாலும் ஆட்டுவார், காப்பித்தூள் தீர்ந்துபோச்சு என்றாலும் ஆட்டுவார். சிரிப்புப் படம் ஓடினால் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நாங்கள் சிரித்த பிறகு சிரிப்பார். ஆறு மாதமாக அதையும் விட்டுவிட்டார். டிவியைப் போட்டதும் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார்.

படத்தில் பேசுவதைக் கீழே எழுத்தாக வரவைக்கலாம் என்று மாடி வீட்டு டீச்சர்தான் காட்டிக் கொடுத்தார். பழைய டிவியில் அந்த எழுத்து எறும்பு ஊர்வது மாதிரி இருந்தது. அப்பா இரண்டு நாள் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, மறுபடியும் பால்கனி. அவரைக் கூடத்துக்குத் திரும்பக் கூட்டி வர வேண்டுமென்றால் எழுத்து பெரிதாக வேண்டும், எழுத்து பெரிதாக வேண்டுமென்றால் டிவி பெரிதாக வேண்டும். என் அறிவுக்கு எட்டியது இவ்வளவுதான்.

நீ அனுப்பிய பட்டியலில் பதினோரு கேள்விகள் இருந்தன. பேனல் என்ன, பின்னால் எத்தனை ஓட்டை, வினாடிக்கு எத்தனை தடவை மின்னும் என்று ஏதேதோ. ஒன்பதாவதாக, பேர் தெரியாத கம்பெனி வேண்டவே வேண்டாம் என்று அடிக்கோடு போட்டிருந்தாய். எல்லாவற்றையும் மதித்து, ஐம்பத்தைந்து இன்ச் என்று நீ சொன்ன அளவுக்கு, சட்டைக்கு வெட்டுவதுபோல் பிரவுன் பேப்பரில் ஒரு மாதிரி வெட்டினேன். அகலம் ஐம்பத்தைந்து. கூடத்துச் சுவரில் ஒட்டினால், ஒரு பக்கம் ஜன்னலோடு முட்டி, மறுபக்கம் நாலு இன்ச் படுக்கையறைக் கதவுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது. மூன்று நாள் அந்தப் பேப்பரைத் தூக்கிவிட்டுத்தான் படுக்கப் போனோம். அப்பா அதைப் பார்த்தும் தலையாட்டினார். ஐம்பத்தைந்து நமக்குக் கொடுத்து வைக்கவில்லை, நாற்பத்து மூன்றோடு திருப்திப்பட வேண்டியதுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு கடைக்குக் கிளம்பினேன்.

மாமாவோடு அப்பாவையும் கூட்டிப் போனேன். டேப்பைக் காட்டி, மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று சைகை செய்தேன். வேலை என்றால் வந்துவிடுவார்.

கடையில் டை கட்டிய விற்பனையாளர் ஒருவர் எங்களைப் பிடித்துக்கொண்டார். வாயைத் திறந்தால் ஆஃபர், மூடினால் ஆஃபர். அதனால் அவருக்கு ஆஃபர் என்றே பெயர் வைத்துவிட்டேன். எல்லா டிவியிலும் பூவும் மீனும் அருவியும் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றில்கூட ஓர் எழுத்து இல்லை. எழுத்து எவ்வளவு பெருசா வரும் என்று கேட்டேன். "கலர் பாருங்கம்மா, கறுப்பு எப்படிக் கறுப்பா இருக்கு பாருங்க" என்றார். கறுப்பை வைத்து நான் என்ன செய்வது?

டீச்சர் பென்டிரைவில் ஒரு பழைய சிரிப்புப் படத்தை எழுத்தோடு போட்டுக் கொடுத்திருந்தார். ஆஃபர் காட்டிய நாற்பத்து மூன்றில் அதைப் போடச் சொன்னேன். நீ சொன்ன பெரிய கம்பெனிதான். டிவியிலிருந்து தரையில் டேப்பை ஓடவிட்டு, ஒன்பது அடி நாலு இன்ச்சில் ஒரு ஸ்டூலைப் போட்டு அப்பாவை உட்கார வைத்தேன். நம் வீட்டுச் சுவருக்கும் அவர் நாற்காலிக்கும் அவ்வளவுதான் தூரம். வழியை மறிக்கிறேன் என்று யாரோ முணுமுணுத்தார்கள். மில்லில் அளக்காமல் அறுப்பார்களா, நான் அளக்காமல் வெட்டுவேனா? அளக்காமல் மட்டும் எப்படி வாங்குவது?

சத்தத்தை மொத்தமாக நிறுத்தச் சொன்னேன். படம் ஓடியது. அப்பா பார்த்தார், என்னைத் திரும்பிப் பார்த்தார், தலையாட்டினார். "நல்லாருக்கு" என்றார். அணைத்து வைத்த டிவியைக் காட்டினாலும் அதைத்தான் சொல்வார். மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அவருக்குப் பிடிச்சிருந்தா இதையே எடுத்துடலாமே என்றார். அவரும் அந்தத் தலையாட்டலை நம்புகிறவர்தான்.

வாஷிங் மெஷின் வரிசைக்குப் பக்கத்தில் ஓர் ஓரமாக ஒரு பெரிய டிவி நின்றிருந்தது. விலை அட்டையைப் பார்த்தேன், நீ அனுப்பிய பணத்துக்குள் அடங்கியது. கம்பெனி பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. அது என்ன அளவு என்றதற்கு ஐம்பத்தைந்து என்றார் ஆஃபர். வேண்டாம், கதவை மறைக்கும் என்றேன். இருந்தாலும் கை சும்மா இருக்குமா? டேப்பை வைத்தேன். நாற்பத்தெட்டு. திரும்ப வைத்தேன். நாற்பத்தெட்டேதான். ஏன் பொய் சொல்றீங்க என்று கேட்டேவிட்டேன். அவர் பொறுமையாக, டிவியை மூலைக்கு மூலை குறுக்காத்தான் அளப்பாங்கம்மா என்றார். இருபது வருடம் ஊருக்கே அளவெடுத்தவள், அசடு வழிய நின்றேன். உன் மாமா வாஷிங் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார். தோளில் தொடங்கி எதிர்ப்பக்க இடுப்புவரை அளந்து சட்டை தைத்தால் எவன் போடுவான் என்று ஆஃபரிடம் கேட்டேன். ஆனால் என் மனசு துள்ளியது. நம் சுவரில் ஐம்பத்தொரு இன்ச் இடம் இருக்கிறது.

மறுபடியும் டேப், ஸ்டூல், ஒன்பது அடி நாலு இன்ச். சத்தம் கிடையாது. திருட வந்தவனிடம் வீட்டுக்காரர் தன் மூக்குக்கண்ணாடியைத் தேடித் தரச் சொல்லும் கட்டம். அப்பா முதலில் முதுகை நிமிர்த்தினார். அப்புறம் உதடு மெல்ல அசைந்தது, படிக்கிறார் என்று தெரிந்தது. திடீரென்று தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார், தம்பி. கடையே திரும்பிப் பார்த்தது. அங்கே வேறு யாருமே சிரிக்கவில்லை. பார்த்துச் சிரிக்க அவருக்கு ஒரு முகம்கூட இல்லை. அது அவருடைய சொந்தச் சிரிப்பு. நான் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, இதையே பேக் பண்ணுங்க என்றேன்.

ஆஃபர் நல்ல மனுஷன்தான். மறைக்காமல், இதுல சத்தம் கொஞ்சம் சுமார்தாங்கம்மா, தனியா ஸ்பீக்கர் வாங்கிக்கங்க என்றார். நாங்க சத்தத்துக்காக வாங்கலை என்றேன். உன் ஒன்பதாவது கேள்விக்காக, இரண்டு வருட வாரண்டியையும், ரிப்பேர் பார்க்கும் ஆள் நம் தெருவுக்கு வருவார் என்பதையும் எழுதி வாங்கியிருக்கிறேன். பில்லின் பின்பக்கம் பார்.

மாட்ட வந்தவர் டிவியைக் கூரையோடு ஒட்டி ஏற்றப் பார்த்தார். அவரையே அப்பாவின் நாற்காலியில் உட்காரவைத்து, கழுத்து வலிக்குதா இல்லையா என்று கேட்டேன். இறக்கி மாட்டிவிட்டுப் போனார். நாற்பத்தெட்டு இன்ச்சுக்கு இரண்டு பக்கமும் ஒன்றரை இன்ச் மிச்சம். தையலுக்கு விட்டதுபோல் கச்சிதமாக இருக்கிறது.

இப்போது வீட்டில் என்ன நடக்கிறது தெரியுமா? பேச்சு வருவதற்கு ஒரு நொடி முன்னாலேயே எழுத்து வந்துவிடுகிறது. அதனால் அப்பாதான் முதலில் சிரிக்கிறார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நாங்கள் சிரிக்கிறோம். மாமாவுக்குப் பொறுக்கவில்லை, எல்லாத்தையும் மாமனார் முன்னாடியே சொல்லிடறார், படம் பாக்க முடியலை என்று என்னிடம் புலம்புகிறார். நீங்களும் படிங்களேன் என்றேன். பால்கனி நாற்காலியில் துணி காய்கிறது.

இனிச் சொல்லப்போவதுதான் இந்தக் கடிதத்தை எழுதவைத்தது. முந்தாநாள் படம் முடிந்ததும் அப்பா டிவியை அணைக்கவிடவில்லை. என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். "அன்னைக்கு ஏர்போர்ட்ல கண்ணாடிக் கதவுகிட்ட நின்னு அவன் என்கிட்ட என்னமோ சொன்னானே, என்னது?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்று தலையை அசைத்தேன். அப்புறம் அவரே சொன்னார்: "எனக்கும் கேக்கலை. தலையாட்டிட்டேன். எதுக்குத் தலையாட்டினேன்னு தெரியாமயே ரெண்டு வருஷமா இருக்கேன்." கேக்கலை என்று அவர் வாயால் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

அப்பா ஒரு பதிலும் சொல்லாமல் அனுப்பிவிட்டார் என்று நீ மாமாவிடம் குறைப்பட்டது எனக்குத் தெரியும். அந்தக் கோபத்தில்தான் போனை அவரிடம் கொடு என்று ஒருநாளும் நீ சொல்வதில்லை என்பதும் தெரியும். கொடுத்திருந்தாலும், இந்தப் போனில் உன் முகம் அவருக்குச் சட்டைப் பொத்தான் அளவுதான் தெரியும். இப்போது போனில் வருவதை டிவியில் காட்ட டீச்சர் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் வரும் ஞாயிற்றுக்கிழமை, இங்கே காலை பத்து மணிக்குக் கூப்பிடு. நீ பேச வேண்டாம். அன்றைக்குச் சொன்னதை ஒரு தாளில் எழுதி முகத்துக்கு நேராகப் பிடி. அது என்ன வார்த்தையாக இருந்தாலும் சரி, நானும் மாமாவும் அடுக்களைக்குப் போய்விடுகிறோம். எழுத்து மட்டும் தடிமனாக, பெரிதாக இருக்கட்டும் கண்ணா. ஒன்பது அடி நாலு இன்ச்சிலிருந்து அவர் படிக்க வேண்டும். படித்து முடிக்கும்வரை தாளை இறக்கிவிடாதே. இந்தத் தடவை பதில் வரும்.

நீ நன்றாக இருக்க வேண்டும் என்று எப்போதும் நினைக்கும்,
உன் அக்கா